கால்சட்டை மடிப்பில் ஜுஹு மணல்

அறுபதுகளில், பம்பாயில் எண்ணெய் தேடும் அலுவலகம் ஒன்றில் மணலைப் பரிசோதிப்பது என் வேலை. கடலோரக் கிணற்றின் ஆழத்திலிருந்து ஒருநாள் பருமணல் வந்தது. பழைய ஆறு கொண்டுவந்து கொட்டியது என்றால், அதே படுகை கடலுக்கடியிலும் நீளும். அங்கே எண்ணெய் தேடலாம்.

அது ஆற்று மணல் என்று நான் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. கிணற்று மணல் பொட்டலத்தைப் பிரித்தவன் என் உதவியாள், மாதுங்காவில் குடியிருந்த வைத்தி. அவன் கால்சட்டை மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"நேத்து குழந்தைகளோட ஜுஹு பீச்சுக்குப் போனேன் சார். அங்க ஒட்டிண்டது."

"அதுதான் சாம்பிள்ல கலந்திருக்கு. நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

வைத்தி என் பக்கம் திரும்பினான். "ஒவ்வொரு மணியா எண்ணிப் பாரும் ஓய். உமக்கு அதுதானே வியாதி!" சிரிக்கப் பார்த்தான்.

கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருக்கும். அமிலம் பட்டால் நுரைக்கும். தரையில் உதிர்ந்ததில் ஒரு துளி விட்டேன். நுரைத்தது. கிணற்று மணலில் விட்டபோது மூவரும் மூச்சை அடக்கிக் குனிந்தோம். ஒரு குமிழிகூட இல்லை. பிறகு லென்ஸ் வைத்து முந்நூறு மணிகளை எண்ணினேன். பெரும்பாலானவை முனை மழுங்காதவை. அலையில் உருளாமல், ஆறு கொட்டியதுமே புதைந்தவை.

"ஆத்து மணல்தான் சார்," என்றேன். அதிகாரி வைத்தியிடம், "நாளைக்கு வந்துடு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வைத்தி குனிந்து கால்சட்டை மடிப்பை அவிழ்த்துவிட்டுக்கொண்டான்.

நான் எதையும் எண்ணுவது வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். எண்ணாமல் விட்டிருந்தால் வைத்திக்கு அன்றே வேலை போயிருக்கும்.