பேச முடியாத ரேடியோ

இன்று ஊரார் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யுத்த காலத்தில் ஆபத்து வந்தால் உடனே தகவல் சொல்ல ஒரு வசதி செய்துகொள்ளுங்கள் என்று எங்கள் திருவரங்குளம் பஞ்சாயத்துக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானம் மானியம் கொடுத்தது. டெலிபோன் வைக்கலாம் என்றார்கள் சிலர். ரேடியோதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற உறுப்பினர் நான். யுத்தச் செய்தி கேட்கும் ஆசை.

இன்று மதியம் செல்லம்மாள் வீட்டுக் கூரையில் தீப்பிடித்தது. அவள் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, அந்தப் பொட்டியில சொல்லுங்க! புதுக்கோட்டையிலேருந்து தீயணைக்கிற வண்டி வரட்டும்!"

"அதுல நாம பேச முடியாதும்மா. அவங்க பேசுறதைத்தான் கேக்கலாம்."

"ஆபத்துக்குன்னுதானே வாங்குனீங்க?"

ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். ஊரே கிணற்றில் இறைத்து ஊற்றியது. பக்கத்து வீடுகள் தப்பின. அவள் வீட்டில் மண்சுவர்தான் மிச்சம்.

சாயங்காலம் செய்தி கேட்க வழக்கம்போல ஜனங்கள் கூடினார்கள். நான் ரேடியோவைத் தொடாமல் நின்றேன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு செல்லம்மாளின் புருஷனும் வந்திருந்தார்.

"போடுங்கய்யா. சிங்கப்பூர்ல என் தம்பி இருக்கான்."

போட்டேன். செய்தி முடியும்வரை நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மற்ற ஊர்ப் பஞ்சாயத்துகளில் இருக்கும் நண்பர்களே, டெலிபோன் கேட்டு மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் திட்டி ஆரம்பிக்கலாமா, திட்டி முடிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.