சேரன்மகாதேவியில் ஏறவேண்டிய பிள்ளைகள்

பிரம்மநாயகிக்குக் கோடை விடுமுறை பங்குனி பிறந்ததுமே தொடங்கிவிடும். மாடியில் கூழ்வற்றல் பிழிந்து காயவைக்கும்போதே அவள் மனசு பாபநாசத்துக்குப் போய்விடும். பழைய வேட்டிகளைக் கிழித்து, தலை துவட்டத் துண்டு தைப்பாள். யாருக்கு எந்த முறுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே மாவு இடிப்பாள்.

அத்தனையும் கொழுந்தனின் பிள்ளைகளுக்காக. பன்னிரண்டு வயதில் திருஞானசம்பந்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. போகாத கோயில் இல்லை. பிறகு ஒருநாள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். கொழுந்தன் நாறும்பூநாதனுக்கு முதல் பெண் பிறந்தபோது, அவன் மனைவி கோமு குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். "எனக்கு இதைத் தூக்கவே பயமா இருக்கு அக்கா. நீங்க வச்சுக்கிடுங்க." அந்தக் குழந்தைதான் சண்முகசுந்தரி. அடுத்துச் சிவசைலம், கடைசியாகச் சங்கரன் என்று மூன்று பேர் ஆனார்கள்.

திருஞானசம்பந்தத்துக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. அதனால் குடியிருப்பு திருநெல்வேலியில். நாறும்பூநாதன் சேரன்மகாதேவியில் பூர்வீக வீட்டில் இருந்துகொண்டு வயலைப் பார்த்துக்கொண்டான். ரயில் வந்ததிலிருந்து ஒவ்வொரு கோடையும் ஒரே ஏற்பாடுதான். பிரம்மநாயகி திருநெல்வேலியில் ஏறுவாள். சேரன்மகாதேவி ஸ்டேஷனில் கோமு பிள்ளைகளை ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அம்பாசமுத்திரத்தில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, பாபநாசத்தில் ஒரு சத்திரத்தில் தங்குவார்கள். சனிக்கிழமை கச்சேரி முடிந்து பெரியப்பா வந்து சேருவார்.

டில்லியில் முடிசூட்டு விழா நடந்ததற்கு அடுத்த தை மாதம் அந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது. அப்பாவின் திதிக்காக மனைவியோடு சேரன்மகாதேவிக்குப் போன திருஞானசம்பந்தம், கொல்லையில் நின்ற மாமரம் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தார். அப்பா வைத்த மரம்.

"என்னய ஒரு வார்த்தை கேக்கப்பிடாதாலே? நானும் இந்த வீட்டுல பொறந்தவன்தானே."

"வேரு போயி கிணத்துச் சுவரைப் பொளந்துட்டுது அண்ணே. பிள்ளையள் விளையாடுத இடம். இடிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்லுதது? பிள்ளை இல்லாதவியளுக்கு அது தெரியாது."

சொன்ன மறுநொடியே நாறும்பூநாதனின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் சொல்லியாயிற்று. அடுக்களையில் அகப்பையோடு நின்ற பிரம்மநாயகியின் காதில் விழுந்தும் ஆயிற்று. சாப்பிடாமல் எழுந்த திருஞானசம்பந்தம், இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

பங்குனி வந்தது. வழக்கம்போல மாடியில் கூழ்வற்றல் காய்ந்தது.

"யாருக்கு இத்தனை?" என்று கேட்டார் திருஞானசம்பந்தம்.

"பிள்ளையளுக்கு."

"நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன்னு சொல்லியாச்சு."

"நீங்க மிதிக்கவேண்டாம். ரயிலு அங்கன நிக்கும். பிள்ளையள் ஏறிக்கிடும்."

அவர் ஒரு வற்றலைப் புரட்டிப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த வார்த்தை உன்னையும் சேத்துத்தானே ஏளா சொன்னான். உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது. அதுக்குப் பிள்ளையள் என்ன செய்யும்?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பத்தமடையிலிருந்து பாய் கொண்டுவந்து விற்கும் ஷேக் மைதீன் தன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சேரன்மகாதேவிக்கும் போவார், வருவார். சித்திரை கடைசி ஞாயிறு காலை ரயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரச்சொல்லிக் கோமுவுக்கு அவரிடம் பிரம்மநாயகி சொல்லி அனுப்பினாள். அடுத்த முறை வந்தபோது அவர் பாய்க்கட்டை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சொன்னேம்மா. அந்தத் தாயி கேட்டுக்கிட்டாவ, ஒண்ணும் பேசல. சின்னவன் மட்டும் பின்னாலயே ஓடி வந்து, ஜன்னலோரம் எனக்குத்தான்னு பெரியம்மைகிட்டச் சொல்லணும்னான்."

அது போதும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஜன்னலோரத்தில் ஒரு மூட்டையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேட்டை தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். சேரன்மகாதேவியில் வண்டி நின்றபோது தலையை வெளியே நீட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பார்த்தாள். வாழைத்தார் ஏற்றுகிறவர்களைத் தவிர பிளாட்பாரத்தில் யாரும் இல்லை.

கார்டு கொடியை எடுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சட்டென்று எழுந்து இறங்கினாள். எதிரே இருந்தவர் மூட்டைகளை எடுத்துக் கீழே கொடுத்தார். ரயில் போய்விட்டது. ஸ்டேஷனில் ஒரு ஆளிடம் பெரிய மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முறுக்கு டின்னை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் கால்வாய்க்கரை வழியே நடந்தாள். தான் செய்வது சரிதானா என்று வழியெல்லாம் யோசனை. கதவைச் சாத்திவிட்டால் எங்கே போவது?

கதவு திறந்துதான் கிடந்தது. வாசற்படியில் சங்கரன் உட்கார்ந்திருந்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி விட்டிருந்தார்கள்.

"பெரியம்மை, ரயிலு போயிட்டா?"

"போயிட்டு ராசா."

அவன் உதடு பிதுங்கியது. அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து சுந்தரியும் சிவசைலமும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே வந்த கோமு நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"வெள்ளன எந்திரிச்சுப் பிள்ளையளைக் குளிப்பாட்டிட்டேன் அக்கா" என்றாள். "பொறவு எந்த மொகத்தை வச்சுக்கிட்டு வந்து நிக்கதுன்னு..."

"தம்பி போகவேண்டாம்னுட்டானா?"

"இல்லக்கா. அப்படிச் சொல்லல. மதினி வரமாட்டாவன்னாவ. ரயிலு வந்து நின்னு, அதுல நீங்க இல்லேன்னா பிள்ளையள் ஏங்கிப் போகும்னாவ." கோமு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரம்மநாயகி சங்கரனை இடுப்பில் வைத்தபடியே கொல்லைக்குப் போனாள். நாறும்பூநாதன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது ஆறு வயதுப் பையன் அவன். அவள் உருட்டிக் கொடுத்தால்தான் சோறு இறங்கும்.

"வண்டிமாடு சும்மாத்தானே நிக்கு தம்பி?"

"ஆமா மதினி."

"அப்பப் பூட்டு. ரயிலு போயிட்டு. நீதான் பாபநாசத்துல கொண்டு விடணும்."

அவன் நகரவில்லை. "மதினி, அன்னைக்கு நான்..."

"நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. விழலேன்னு பொய் சொல்லமாட்டேன். ரொம்ப நாள் உறக்கமில்ல. திரும்ப அதை எடுத்துப் பேசினா எனக்கு இன்னொரு தடவை வலிக்கும். பேசாத. வண்டியப் பூட்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நுகத்தடியை எடுக்கப் போனான். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். அடுக்களைக்கு வந்து, "கோமு, உன் சேலை ரெண்டை எடுத்துக்க" என்றாள்.

"நானா? நான் எதுக்கு அக்கா? மாடு கன்னு, வீடு..."

"மாட்டைப் பக்கத்து வீட்டுல பாத்துக்கிடுவாவ. ஒவ்வொரு வருசமும் ரயிலடியோட திரும்பிப் போறவளைப் பாத்துக்கிட்டே போறேன். இன்னைக்குத்தான் ரயிலும் இல்லையே. ஏறு."

ஸ்டேஷனுக்குப் போய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் ஆற்றங்கரை மரநிழல். கல்லிடைக்குறிச்சியில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் புளியோதரை சாப்பிட்டார்கள். பொழுது சாயும்போது பாபநாசம் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் விடிந்ததும் திரும்புவதாக இருந்த நாறும்பூநாதன், சக்கரத்துக்கு மசகு போடவேண்டும் என்றான். அதற்கு அடுத்த நாள் மாட்டுக்கு லாடம் கழன்றிருப்பதாகச் சொன்னான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் படித்துறையில் சங்கரனோடு உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தான். கக்கத்தில் குடையும் கையில் பையுமாகத் திருஞானசம்பந்தம் மேல்படியில் வந்து நின்றார். தம்பியைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. பிரம்மநாயகி சத்திரத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாறும்பூநாதன் எழுந்து படியேறிப் போய், அண்ணன் கையிலிருந்த பையை வாங்கினான். அவர் விட்டுக்கொடுத்தார். குடையையும் வாங்கிக்கொண்டான்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார் அவர், ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

"இடுப்பளவுதான் அண்ணே. நல்ல குளிர்ச்சி."

"அப்பப் பிள்ளையளைக் கூப்பிடு. குளிச்சிருவோம்."

பிரம்மநாயகி இன்னும் ஒரு படி அரிசியைக் கழுவி உலையில் போட்டாள்.

மறுநாள் எல்லாருமாக மேலே அருவிக்கு ஏறினார்கள். ஆண்கள் குளித்து முடித்து ஒதுங்கியதும் பெண்கள் இறங்கினார்கள். கோமு பாறையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். "ஐயோ, வேண்டாம் அக்கா, தண்ணி என்னய அடிச்சிட்டுப் போயிரும்."

"நான் இருக்கேன், பைய வா" என்று பிரம்மநாயகி அவள் கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்தாள். விழுகிற தண்ணீரில் மூச்சு முட்டி, கொண்டை அவிழ்ந்து, கோமு வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே இல்லை. கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்த சுந்தரி, அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை. துண்டைப் போட்டுவிட்டு அவளும் மறுபடி தண்ணீருக்குள் ஓடினாள்.