ஏழு மணி நேரப் பெட்டி

பட்டப்பகலில், ஜன்னல் வழியாக வெயில் கூடம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தபோது, மூன்று குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எதிரே நாற்காலி போட்டு, கிழித்த காலண்டர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார் மச்சான், என் அக்காவின் கணவர். ஆலங்குடியில் கடலை வியாபாரம் அவருக்கு. அன்று அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆக்சிஜன் மெஷின் இராப்பகலாக ஓடியாக வேண்டும். அரை மணி, ஒரு மணி மின்வெட்டை இன்வெர்ட்டர் தாங்கிவிடும். ஆனால் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நிறுத்துவார்களே, அந்த நாள்தான் எங்களுக்கு எமன். அன்று நான் லீவு போட்டுவிட்டு, புதுக்கோட்டையிலிருந்து சிலிண்டர் வரவழைத்து, அம்மாவின் பக்கத்திலேயே இருப்பேன். லீவு கேட்டு அதிகாரி முன் தலையைச் சொறிந்து நிற்பதே பிழைப்பாகிவிட்ட சமயத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் ஒட்டினால் போதும், இரண்டு மடங்கு நேரம் தாங்கும், செத்த பேட்டரிக்கும் உயிர் வரும் என்று கோட் போட்ட ஒருவர் அடித்துச் சொன்னார். வாங்கினேன். சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் மினுக்கும் ஒரு நீல விளக்கு. அது வந்து சேர்ந்தபோது அம்மா பெரியாஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த இடைவெளியில் பெட்டியை ஒட்டி, மெயினை அணைத்துப் பார்த்தேன். ஏழு மணி நேரம் ஃபேனும் லைட்டும் நிற்காமல் ஓடின. விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்தவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் நம்பினேன். அடுத்த தடவை வர வேண்டாம் என்று சிலிண்டர்காரருக்கும் சொல்லிவிட்டேன்.

அம்மா வீடு திரும்பிய அன்று அக்காவோடு பார்க்க வந்த மச்சானிடம், ஏழு மணி நேரம் ஓடியதைச் சொல்லிப் பெருமையாகப் பெட்டியைக் காட்டினேன். அவர் நீல விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னைக்கு அத்தையோட மெஷினும் ஓடுச்சா மாப்ள?"

"அம்மாதான் ஆஸ்பத்திரியில இருந்தாங்களே."

"அப்ப ஃபேனுக்குத்தானே ஏழு மணி நேரம். பொட்டி இல்லாம ஃபேன் எம்புட்டு நேரம் ஓடும்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. அது உறைத்ததாலோ என்னவோ, வாயில் வரக்கூடாதது வந்துவிட்டது. "கடலை ஒடைக்கிற வேலையெல்லாம் இங்க வேணாம் மச்சான். நான் படிச்சவன்" என்றேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. மச்சான் காபியைக் குடித்து முடித்தார்.

அவர் கடலை வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு அவர் சுபாவம் தெரியும். மூட்டையின் மேலே கிடக்கும் திரட்சியான காய்களை அவர் கண் பார்க்காது. அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உடைத்து, பருப்பை மட்டும் நிறுத்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. கொண்டுவந்தவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் அப்படித்தான். அதே முறையைத்தான் என் வீட்டிலும் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசியதையெல்லாம் மறந்தவர்போல் வந்து நின்றார். அம்மாவின் மெஷினை நேர் கரண்டில் மாட்டிவிட்டு, அது இழுக்கும் அளவுக்குச் சரியாக மூன்று பல்புகளை இன்வெர்ட்டரில் போட்டார். பெட்டியைக் கழற்றிவைத்துவிட்டு ஒருமுறை. அடுத்த ஞாயிறு பெட்டியை ஒட்டி ஒருமுறை. முதல் தடவை மூன்று மணி ஐந்து நிமிடம். இரண்டாம் தடவை மூன்று மணி இரண்டு நிமிடம். பல்புகள் அணைந்த பிறகும் நீல விளக்கு மட்டும் சமர்த்தாக மினுக்கிக்கொண்டிருந்தது. மச்சான் காலண்டர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "சிலிண்டருக்கு நான் சொல்லிட்டேன். நீ ஆபீஸ் போ, நான் இருக்கேன்" என்றார்.

பராமரிப்பு நாளன்று ஆபீசில் தணிக்கை. எனக்கு வேலையே ஓடவில்லை. ஒன்பது மணியோடு மூன்று மணி நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கடைசியில் சொல்லிக்கொள்ளாமலே வண்டியை எடுத்துவிட்டேன். வீட்டுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டரை. இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்திருந்தது. அம்மா மூக்கில் குழாயோடு கண்மூடிப் படுத்திருந்தார். குழாயின் மறுமுனை சிலிண்டரில் இருந்தது. கடையை அடைத்துவிட்டு வந்த மச்சான் அதன் அளவுமானியையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட கணக்கு நடந்திருந்தால் அந்த நேரத்தில் அந்த அறையில் அம்மா மட்டும்தான் இருந்திருப்பார், கூட அந்த நீல விளக்கு.

அரவம் கேட்டு அம்மா கண் திறந்தார். "கரண்டு வந்துருச்சா மருமகனே?"

"இன்னும் வரல அத்தை. ஒங்க மகன் வாங்கியாந்த பொட்டிதான் இழுத்துக்கிட்டு இருக்கு" என்றார் மச்சான். எதையும் உடைத்துப் பார்க்காமல் வாங்காத மனிதர், கூசாமல் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் கையமர்த்திவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மகன் வாங்கிய பெட்டியின் பெருமையைச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னிடம் வந்தார். அவர் கணவருக்கும் அதே மெஷின். "தம்பி, அந்தப் பொட்டி எங்க கெடைக்கும்னு சொல்லுங்களேன்" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து, அம்மாவின் காதில் விழும்படியே உள்ளதை உள்ளபடி சொன்னேன். அது பத்துக் காசுக்குப் பிரயோசனமில்லாத சாமான், அன்று அம்மாவைக் காப்பாற்றியது மச்சான்தான், வாங்காதீர்கள் என்றேன். அவர் போன பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நின்றேன்.

அம்மா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "தெரியும்டா. சிலிண்டர உருட்டிக்கிட்டு வந்தா எனக்குக் கேக்காதா? ஒனக்காக அந்த மனுசன் ஒரு பொய் சொன்னாரு. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"