மூன்று பென் டிரைவில் போன புழு

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்த அச்சாபீஸ் முதலாளியை நான் பொறுத்துக்கொள்வதாக இல்லை.

எனக்கு நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வேலை. மகள் பன்னிரண்டாவது முடித்ததும், அவளையும் ஆலை வேனில் ஏற்றக் கூடாது என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். சிவகாசியில் ஓர் அச்சாபீஸுக்காக, காலண்டர் அட்டையில் வரும் கடைப் பெயர்களை வீட்டிலிருந்தே டைப் செய்தாள். பென் டிரைவைச் சைக்கிளில் கொண்டுபோவதும் வாங்கி வருவதும் என் வேலை.

சீசன் நேரத்தில் ஒருநாள், ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருந்தது. மகள் அழுத்தினாள், திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லா ஃபோல்டருக்குள்ளும் அப்படியே முளைத்தது.

“யப்பா, செஞ்ச வேலை அம்புட்டும் போயிரும் போலிருக்கே!”

எனக்குத் தெரிந்த பாதுகாப்பு ஒன்றுதான். ஆலையில் வெடிமருந்தை ஒரே அறையில் குவிக்க மாட்டோம். பிரித்து வைத்தால், ஓர் அறை போனாலும் மற்றது நிற்கும். இன்னும் இரண்டு பென் டிரைவ் வாங்கி வந்து, மூன்றிலும் எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னேன். அவள் தயங்கினாள், அதட்டினேன். வீட்டுக்குள் மட்டும் எனக்கு வாய் உண்டு.

அச்சாபீஸில் ஆளுக்கொன்றாக மூன்று கம்ப்யூட்டரிலும் போட்டார்கள். மறுநாள் கூப்பிட்டுவிட்டார் முதலாளி.

“வாரும்யா! ஒரு எடத்துல சீக்கு பரப்புனா பத்தாதுன்னு மூணு கொண்டாந்தீரோ? ஆர்டர் எல்லாம் நிக்குது. வெடி சுத்துற ஆளுக்கு கம்ப்யூட்டர் ஒரு கேடா? இனி ஒம்ம வீட்டுக்கு வேலை கெடையாது.”

வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். நான் மூன்று பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்: “இது புழு வகை வைரஸ் அண்ணாச்சி. பென் டிரைவுல தொத்திக்கிட்டு எங்கனயும் போகும். நீங்க பிரிச்சீக, அது பெருகிருச்சு.” முதல் புழு உள்ளே வந்த தேதியையும் காட்டினார்.

மகள் கத்தினாள்: “அன்னிக்குத்தான் அவுக ஆபீஸ்லருந்து பென் டிரைவுல டிசைன் போட்டுக் குடுத்துவிட்டாக! அங்கன இருந்துதான் வந்திருக்கு. போய்ச் சொல்லுப்பா. சொன்னா வேலை திரும்பக் கெடைக்கும்.”

போனேன். அவர் நிமிரவே இல்லை.

“இன்னும் என்னய்யா?”

“ஒண்ணுமில்ல மொதலாளி.”

வீட்டில், சொல்லிவிட்டதாகவும் அவர் கேட்கவில்லை என்றும் பொய் சொன்னேன். வேலை வேறொரு வீட்டுக்குப் போயிற்று. பொங்கல் கழிந்து மகள் வேன் ஏறினாள். பட்டாசுச் சரம் பின்னுகிறாள். சாயங்காலம் விரலில் ஒட்டிய மருந்தை அவள் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் அந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறேன், மனசுக்குள்ளேயே.

மொதலாளி, அந்தப் புழு உங்கள் ஆபீஸில் இருந்து வந்தது. இதைச் சொல்லத்தான் அன்று உங்கள் முன்னால் நின்றேன். மகளே, நான் சொல்லவில்லை.

14.6.2009, ஞாயிற்றுக்கிழமை.