ஊசியில் நூல் கோத்த நாள்

போன வருடம் ஆடி மாதம், திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலை இருக்கிறது. அந்த ஆலைக்காரர்கள் சமுதாயக் கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். "எல்லாம் போட்டோ பிடிச்சுப் போடத்தான்" என்று டீக்கடையில் கேலி பேசிவிட்டு, என் கண்ணாடியின் பவரை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று நானும் போனேன். துணைக்கு மனைவியும் வந்தாள்.

என்னைப் பார்த்து முடித்ததும் முகாமில் இருந்த பெண், "பெரியம்மா, நீங்களும் உக்காருங்க" என்றாள்.

"அவளுக்கு எதுக்கும்மா? அவ என்ன பேப்பரா படிக்கப் போறா?" என்றேன். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஓர் ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்து, "இதைக் கோத்துக் காட்டுங்க பெரியம்மா" என்றாள்.

என் மனைவி நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தினாள். ஊசியைக் கை நீட்டி எட்டப் பிடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நூல் ஒவ்வொரு முறையும் விலகிப் போனது. "கை நடுங்குதும்மா" என்றாள்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அந்தப் பெண் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள். நூல் உடனே உள்ளே போனது. மனைவி அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் குனிந்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க மூக்குல இந்த மச்சம் எப்ப வந்துச்சு? இம்புட்டு நாளாத் தெரியலையே!"

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ரவிக்கை தைத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, சலித்துப் போய்விட்டது என்றாள். நானும் நம்பினேன். சும்மா இடத்தை அடைக்கிறதே என்று ஒருநாள் அந்தத் தையல் மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றிருந்தாள். அதன் பிறகு சோற்றில் கல் கிடந்தாலும், வெஞ்சனத்தில் முடி கிடந்தாலும், விருந்தாளிகள் எதிரிலேயே அவளைத் திட்டியிருக்கிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வெள்ளெழுத்து ஏன் வருகிறது, அதற்கு எந்த லென்ஸ் போட வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். சட்டைப் பையில் ஒரு கண்ணாடி, கட்டில் பக்கத்தில் இன்னொன்று என்று வைத்திருந்தேன். கண்ணாடி படிக்கிறவர்களுக்கானது என்று, யோசிக்காமலே முடிவு செய்திருந்தேன்.

வீடு திரும்பும் வழியில், "தையலை விட்டது இதனாலதானா?" என்று கேட்டேன்.

"பின்னே? ஒரு பிள்ளையோட கல்யாண ரவிக்கையைக் கோணலாத் தச்சுப்புட்டேன். அதுக்கப்புறம் மெஷின்ல உக்காரவே பயமாப் போச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? வயசாச்சுல்ல, சும்மா கெடன்னுவீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

முகாமின் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆலைக்கு வேண்டிய துணிப்பைகளைச் சுற்றுவட்டாரப் பெண்களிடமே தைத்து வாங்க முடிவு செய்திருக்கிறார்கள். வேலை கேட்டு வந்த பெண்களில் நடுவயதைத் தாண்டிய பலருக்கு ஊசி கோக்க முடியவில்லை. அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு இளம்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் கண் மருத்துவரை வரவழைத்து, எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்து, அதே கூடத்தில் மெஷின்களையும் போட்டார்கள். கூலி அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகிறது. போட்டோவும் பிடித்தார்கள்தான். அதில் என் மனைவி புதுக் கண்ணாடியோடு முன்வரிசையில் நிற்கிறாள். பிடித்துக்கொள்ளட்டும்.

"நான் போகவா?" என்று அவள் கேட்டபோது, 'நமக்கென்ன குறைச்சல்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "போயிட்டு வா. சோறு நான் வடிக்கிறேன்" என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

இப்போது வீட்டில் அரிசி புடைப்பதும் கல் பொறுக்குவதும் என் வேலை. சில நாள் அவள் வாயில் கல் கடிபடும். "வாத்தியாரே, கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க" என்று சொல்லி, கல்லைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மேலே சாப்பிடுவாள். இரும்புக்காரரிடம் போன மெஷினைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் எடைக்குப் போட்ட அவளுடைய தொழிலை, பெயர்கூடத் தெரியாத யாரோ அவள் கையில் திரும்பக் கொடுத்தார்கள் என்பதை, கூடத்தின் வழியே போகும்போது கேட்கிற மெஷின் சத்தம் ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவூட்டுகிறது. நன்றியோடு கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.