பருத்தி மருந்தில் குளித்த குட்டிகள்

நாய்க்குட்டி வேண்டும் என்று என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் முதலில் கேட்பது, "கடுவன் இருக்கா?" என்றுதான். இல்லை, மூன்றும் பொட்டைக் குட்டிகள் என்றால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்கள், வந்த வழியே திரும்பிவிடுவார்கள். போகிற போக்கில் "பொட்டைன்னா வருசா வருசம் குட்டி போட்டுத் தள்ளுமே, யாரு பாக்க?" என்று எனக்குப் புத்தி வேறு சொல்வார்கள். கருத்தடை ஆப்பரேஷன் செய்துவிடலாமே என்றால், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி முழிப்பார்கள். எத்தனை பேருக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்வது? கடையில் போய் ஒரு பொம்மை நாய் வாங்கிக்கொள்ளுங்கள், அது குட்டியே போடாது என்று ஒருவரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நல்லதாய்ப் போயிற்று.

அந்த மூன்று குட்டிகளும் என்னிடம் வந்ததே பொட்டையாகப் பிறந்ததால்தான். யாரோ ஒரு புண்ணியவான் உரச் சாக்கில் போட்டு பைபாஸ் ஓரத்து உடைமரத்தடியில் வீசிவிட்டுப் போயிருந்தார். வீசியதோடு விட்டாரா? சாக்கின் வாயைக் கட்டியிருந்தார். தப்பித் தவறிக்கூடப் பிழைத்துவிடக் கூடாது என்று ஒரு மனிதன் உட்கார்ந்து நிதானமாக முடிச்சுப் போட்டிருக்கிறான். அவன் கை விளங்குமா?

நான் கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். ஊரில் நாய்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தெருவில் கிடக்கும் குட்டிகளைத் தூக்கி வந்து, வளர்க்க ஆள் கிடைக்கும்வரை யார் வீட்டிலாவது வைத்திருப்பார்கள். அந்த 'யார் வீடு' பெரும்பாலும் என் வீடுதான். மற்றவர்கள் வீட்டில் டைல்ஸ் தரை, சோபா, மாமியார் என்று ஏதாவது ஒன்று தடுக்கும்.

குட்டி வளர்ப்பது ஃபோட்டோவில் பார்க்கிற மாதிரி கொஞ்சுகிற வேலை இல்லை. முழுக்க மூத்திரமும் பீயும்தான். பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். சோற்றைக் குழைய வேகவைத்து முட்டை பிசைந்து, விரலில் தொட்டு நாக்கில் தடவிப் பழக்க வேண்டும். வெட்டுத் துணிக்கு என் வீட்டில் பஞ்சமில்லை என்பதால் படுக்கைக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் உண்ணிதான். காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் என்று கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. இவ்வளவு சின்னக் குட்டிக்கு மருந்து எதுவும் போடக் கூடாது என்று கேள்விப்பட்டிருந்ததால், தையல் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் என் அண்ணன் வந்தான். விளாத்திகுளம் பக்கம் பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி. செடிக்கு மருந்து வாங்க டவுனுக்கு வந்தவன், தங்கச்சி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பைக்கை நிறுத்தினான். எனக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. "குட்டியளப் பாத்துக்கோண்ணே, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது மூன்று குட்டிகளும் வாசல் வெயிலில் நனைந்த உடம்போடு உட்கார்ந்திருந்தன. அண்ணன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ஏட்டி, இங்கன வந்து பாரு. ஒரு உண்ணி இருக்கான்னு தேடிச் சொல்லு பாப்போம்."

எனக்கு உண்ணியைத் தேடத் தோன்றவில்லை. வாசற்படியில் கால் வைக்கும்போதே வாடை மூக்கில் ஏறிவிட்டது. கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னத்தண்ணே போட்ட?"

"நம்ம பருத்திக்கு அடிக்கிற மருந்துதான். வாளித் தண்ணியில ஒரு மூடி ஊத்திக் கலக்கி, முக்கி எடுத்தேன். ஆட்டுக்கெல்லாம் நாங்க இதான போடுதோம். நீ ஒண்ணு ஒண்ணாப் பிடுங்கிட்டு இருக்க, பாக்கப் பாவமா இருந்துச்சு."

பாவம் பார்த்துத்தான் செய்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரு கெட்டவன் செய்திருந்தால் அவனை நாலு தெரு கேட்கத் திட்டிவிட்டு மனசை ஆற்றியிருப்பேன்.

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வெள்ளைக் கீற்று உள்ள குட்டிக்கு வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. நூல் நூலாக, நிற்காமல். பிறகு கால் வெட்டி வெட்டி இழுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டும் தள்ளாடின. கையில் கிடைத்த துணிப்பையில் மூன்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு அண்ணனின் பைக்கில் ஏறினேன்.

அரசு கால்நடை மருந்தகத்தில் பூட்டு தொங்கியது. டாக்டர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட முகாமுக்குப் போயிருக்கிறார் என்று எதிர்க்கடையில் சொன்னார்கள். சரி, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், மாடும் உயிர்தானே. குழுவில் உள்ளவர்கள் எப்போதும் தூக்கிவைத்துப் பேசும் தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கச் சீமை நாய்களின் படம். எங்களுக்கு முன்னால் ஒரு பொசுபொசு நாய்க்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நகம்! "டாக்டர், குட்டி சாவக் கிடக்கு" என்று நான் உள்ளே பார்த்துக் கத்தினேன். "வரிசைல வாங்கம்மா" என்று பதில் வந்தது.

எங்கள் முறை வந்தபோது டாக்டர் பையை எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"தெரு நாயா?"

"ஆமா டாக்டர். பூச்சிமருந்துல குளிப்பாட்டிட்டாங்க. மருந்து பாட்டில இவரு வச்சிருக்கார்."

அண்ணன் பாட்டிலை நீட்டினான். அவர் அதை வாங்கவே இல்லை. குட்டியைத் தொடவும் இல்லை. உதவிக்கு நின்றவரிடம் ஏதோ சத்து ஊசியைப் போடச் சொன்னார். "வீட்ல போய்ப் பால் குடுங்க, வெசம் முறிஞ்சிரும். நாளைக்கு எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். உடம்பு முழுக்க விஷம் ஈரமாக ஒட்டியிருக்கிறது, குட்டிகள் அதை நக்கிக்கொண்டிருக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று அந்தப் படித்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஊசிகூட வேண்டாம், அதைச் சொன்னால் போதுமாயிருந்தது. நாளைக்காம், நாளைக்கு!

வெள்ளைக் கீற்றுக் குட்டி அந்தக் கிளினிக்கின் படியிலேயே செத்துப்போனது. மடியில் வைத்திருந்தேன். ஒரு முறை உடம்பை முறுக்கிவிட்டு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "அம்மா, கஸ்டமர் வந்து போற எடம்" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அண்ணன் பைக்கின் மேல் கைவைத்து நின்றவன், தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"விளாத்திகுளம் போற வழியில ஒரு டாக்டரம்மா இருக்காவ. போன வருசம் நம்ம வெள்ளாட்டுக்குட்டிக்கு இதே மாதிரி ஆனப்ப அவியதான் ஊசி போட்டுப் பொழைக்க வச்சாவ."

"இதே மாதிரின்னா?"

"இதே மருந்துதாம்ட்டி."

"அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறுபடி ஊத்தியிருக்க."

"அப்ப அளவு கூடிப்போச்சு. இன்னைக்குக் கொறச்சுத்தான் ஊத்துனேன்."

"அந்தம்மா இருக்காவன்னு ஏம்ணே மொதல்லயே சொல்லல?"

"அவிய ஆட்டு டாக்டருல்லா. நாயப் பாப்பாவளோ என்னமோன்னு நெனச்சேன். நீ வேற பெரிய டாக்டரு, ஏசி டாக்டருன்னு ஓடுன."

ஆட்டு டாக்டர்! எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் மனசில் இது கல்லில் வெட்டியது மாதிரி. ஆட்டுக்கு ஒரு டாக்டர், மாட்டுக்கு ஒரு டாக்டர். நாய்க்கு டாக்டர் என்று ஒருவர் இருந்தால் அவர் டவுனில் பணக்காரர்களுக்கு இருப்பார். ஆட்டைப் பிழைக்க வைத்த ஊசியே நாயையும் பிழைக்க வைக்கும் என்று என் அண்ணனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததால் ஒரு குட்டி படியில் கிடந்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு குட்டிகள் இன்னும் துணிப்பைக்குள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்ததால், செத்ததை முந்தானையில் சுற்றிக்கொண்டு "வண்டிய எடு" என்று மட்டும் சொன்னேன்.

எட்டயபுரம் தாண்டும்வரை துணிப்பைக்குள் கைவைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு உடம்பும் நடுங்கின. கொஞ்ச தூரத்தில் ஒன்றின் நடுக்கம் நின்றது. அப்பாடா, இதற்குத் தேவலை போல என்று நினைத்துவிட்டேன். "ஒண்ணு சரியாயிட்டுண்ணே" என்று முன்னால் குனிந்து சொல்லவும் செய்தேன். அவன் இன்னும் வேகமாக ஓட்டினான். போய் இறங்கிப் பையைத் திறந்த பிறகுதான் அது ஏன் நின்றது என்று தெரிந்தது.

அது ஓட்டுக் கட்டடம். வாசலில் ஆடுகளும், ஆடுகளைப் பிடித்தபடி ஆட்களும் நின்றார்கள். ஏசி இல்லை, கண்ணாடிக் கதவும் இல்லை. டாக்டரம்மா எங்கள் பையைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். நாயா ஆடா என்று கேட்கவில்லை, பொட்டையா என்றும் கேட்கவில்லை.

"என்ன மருந்து? பாட்டில் எங்க?"

அண்ணன் நீட்டினான். வாங்கிப் படித்தார். குட்டியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டே, "சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். டவுன்ல ஒரு டாக்டரப் பாத்துட்டுத்தான் வாரோம்."

"அவர் சொல்லலையா?"

டாக்டரம்மா ஊசி போட்டார். உடனே குழாயடிக்குக் கொண்டுபோய்த் தானே சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். துடைத்து, என் மடியில் துணியோடு வைத்து, சூடு குறையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைப் பார்த்தார், மறுபடி ஊசி. நடுவில் போய்ப் போய் ஆடுகளையும் பார்த்தார். சாயங்காலம் எச்சில் ஒழுகுவது நின்றது. இந்தத் தடவை நின்றது நல்லதற்கு என்று அவர் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, போன வருசம் ஒங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? செடிக்கு அடிக்கிறத தோல்ல தேய்க்காதீயன்னு?"

"சொன்னீய டாக்டரம்மா."

"பெறவு?"

வாசலில் நின்ற ஒருவர், "நாங்களும் அதத்தான் போடுதோம், ஒண்ணும் ஆவல" என்று தைரியமாகச் சொன்னார். டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையில் நானாக இருந்தால் ஆட்டை விட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

செத்த இரண்டையும் அண்ணன்தான் அவன் காட்டில் புதைத்தான். குழுவில் விஷயத்தைச் சொன்னேன். கூப்பிய கையும் பூவும் உடைந்த இதயமுமாக வந்து குவிந்தது. இனிமேல் இந்த டாக்டரம்மாவிடம் போங்கள் என்று எழுதினேன். "அவங்க ஆடுமாடு பாக்கிறவங்கதானே? நம்ம நாய்க்குச் சரிப்படுமா?" என்று கேட்டு ஒரு பதில் வந்தது. என் அண்ணனாவது பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவன். இவர்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். ஃபோனைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

பிழைத்த குட்டி கறுப்பு, காது மட்டும் செம்மண் நிறம். பின்னங்காலில் பலம் வரக் கொஞ்ச நாள் ஆனது. பிறகு வீட்டில் ஒரு நூல்கண்டு மிஞ்சவில்லை. அண்ணன் இந்தப் பக்கமே வரவில்லை. அண்ணி ஃபோன் செய்து, "அவிய சரியாச் சாப்பிடுததே இல்ல, நீ ஒரு வார்த்தை பேசேன்" என்றாள். நான் பேசவில்லை. சாப்பிடாமல் கிடந்தால் இரண்டும் எழுந்து வருமா?

ஒருநாள் அவனே வந்தான். உள்ளே வராமல் வாசற்படியில் உட்கார்ந்தான். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தான். நான் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"குட்டிய நான் கொண்டுபோறேண்டி. காட்டுல சுத்தி வரும். பொட்டைன்னா என்ன, இருந்துட்டுப் போவுது."

"உனக்குத் தர மாட்டேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

அந்தக் குட்டிக்கு என்ன தெரியும்? குரல் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தது. வழுக்கி விழுந்து எழுந்து, வாலோடு சேர்த்து உடம்பையே ஆட்டிக்கொண்டு, நேரே அவன் மடியில் ஏறியது. அதை வாளியில் முக்கிய அதே கையை எக்கி எக்கி நக்கியது. அவன் அந்தக் கையை மேலே தூக்கிக்கொண்டான். குட்டியைத் தொடாமல், கீழே இறக்கவும் தெரியாமல், கையை அந்தரத்தில் வைத்தபடி உட்கார்ந்து அழுதான். எனக்கு அவன் மேல் ஆத்திரம் தீரவில்லை. ஒரு வெட்கமும் இல்லாமல் அவனிடம் போய் ஏறிய குட்டி மேலும் ஆத்திரமாக வந்தது.

"கைய மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவு" என்றேன். "பெறவு தொடு."