சுருங்காத பனியன்

சுருங்காது என்று சொல்லி விற்றேன். சுருங்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை உண்மை என்று நிரூபித்துக் காட்டுவதற்காக, என் நண்பன் இபுராகிமின் தொழிலை நட்ட நடுச் சந்தையில் அழித்தேன்.

இதுதான் என் குற்றம். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி மேலே படிப்பதும், தூக்கி எறிவதும் உங்கள் விருப்பம்... ஆனால் ஒன்று. இப்போது உங்கள் சட்டைக்குள் இருப்பது தேர்க்கொடி மார்க் பனியன் என்றால், உங்களையும்தான் ஏமாற்றியிருக்கிறேன்!

பருத்தி நூலில் பின்னிய பனியன் சுருங்கத்தான் செய்யும். முதல் தண்ணீரில் நன்றாகச் சுருங்கும், அடுத்த இரண்டு மூன்று தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி நின்றுவிடும். திருப்பூரில் பனியன் பின்னுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். வாங்குகிறவருக்கு மட்டும் சொல்ல மாட்டோம். வயிற்றுக்கு மேலே ஏறிப்போன பனியனைத் தூக்கிக்கொண்டு யாராவது கடைக்குத் திரும்பி வந்தால், "வெந்நீர்ல போட்டுட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்பார். பாவம், அந்த மனிதர் தன் மனைவியின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

இபுராகிம் மட்டும் சொல்லிவிடுவான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் கைமெஷின் சுற்றியவர்கள். ஒரே வருடத்தில் வெளியே வந்து, ஆளுக்கொரு பழைய மெஷின் வாங்கி, ராயபுரத்தில் அடுத்தடுத்த சந்தில் தொழில் போட்டோம். ஒரே மில்லில் நூல் எடுத்தோம். நொய்யல் கரையில் ஒரே பட்டறையில் சலவைக்குக் கொடுத்தோம். என் சரக்குக்குத் தேர்க்கொடி மார்க், அவனுடையதற்கு மூணு மீன் மார்க். லேபிளைத் தவிர இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அப்போது மெஷின் ஊசிக்குப் பெரிய பஞ்சம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான். என் ஊசிகள் உடைந்து மெஷின் நின்றபோது, தன்னிடம் மிச்சமிருந்த ஊசிகளில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். "ரெண்டு மெஷினும் ஓடுனாத்தான மாப்ளே, டீக்கடையில உக்காந்து பேசறதுக்கு நமக்குன்னு ஒரு கதை இருக்கும்" என்றான். என்னை அவன் 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவான்.

அந்த ஊசிகளில்தான் என் கம்பெனி பிழைத்தது. இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

பின்னத் தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? விற்க வேண்டுமே! பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். மடத்துக்குளத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லீங்க, நம்மகிட்ட மூணு மீனுதான் போகுதுங்க. அந்தப் பாயி முன்னாலயே சொல்லிப்போடறாருங்க, சுருங்கும், ஒரு சைஸ் பெருசா வாங்குங்கன்னு. ஒருத்தரும் திரும்பிச் சண்டைக்கு வர்றதில்லீங்க" என்றார்.

வெள்ளகோவிலிலும் அதே பேச்சு. காங்கயத்திலும் அதே பேச்சு!

எனக்கு வயிறு எரிந்தது. என்ன அநியாயம் இது? தன் சரக்கின் குறையைத் தானே சொல்லி விற்கிறான், அவனுக்கு வியாபாரம் ஆகிறது. நான் வாய் கிழியப் புகழ்கிறேன், என் பெட்டியைத் திறக்க ஆளில்லை! அவனிடமிருந்து நான் கற்றுக்கொண்டிருக்கலாம். நானும் உண்மையைச் சொல்லி விற்றிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்கிறீர்களா? தோன்றியது. அப்படிச் செய்தால் இரண்டாவது ஆளாக நிற்க வேண்டுமே என்றும் சேர்த்துத் தோன்றியது.

அதன் பிறகுதான் இந்த யோசனை வந்தது.

என் பனியன்களில் ஒரு சைஸ் பெரியதாகக் கொஞ்சம் எடுத்து வீட்டுக் கொல்லையில் துவைத்துக் காயப்போட்டேன். மறுபடி துவைத்தேன். சுருங்குவதெல்லாம் சுருங்கி முடிகிற வரைக்கும் துவைத்தேன். பிறகு கஞ்சி போட்டுத் தேய்த்து, சுருங்கின அளவுக்குப் புது லேபிள் தைத்து, புதுப் பெட்டியில் வைத்தேன். பார்த்தால் மெஷினிலிருந்து அன்றைக்கு இறங்கிய சரக்கு மாதிரி இருக்கும். இனி எத்தனை முறை நனைத்தாலும் அது சுருங்காது. சுருங்குவதற்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

காட்டுவதற்கு அதையும், விற்பதற்குத் துவைக்காத சரக்குப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வெள்ளகோவில் சந்தைக்குப் போனேன். இரண்டு கம்பு நட்டு ஒரு கயிறு கட்டினேன். கீழே ஒரு குண்டா நிறையத் தண்ணீர். ஒரு கையில் என் பனியன், இன்னொரு கையில் கடையில் வாங்கிய மூணு மீன் மார்க். இரண்டையும் கூட்டத்தின் முன்னால் டேப் வைத்து அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. இரண்டையும் நனைத்துப் பிழிந்து கயிற்றில் போட்டேன். "சந்தையெல்லாம் முடிச்சுட்டு வாங்க, வந்து நீங்களே அளந்து பாருங்க!" என்று கத்தினேன்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வெயில் என் பக்கம் நின்று வேலை பார்த்தது. கத்தரிக்காயும் மிளகாயும் வாங்கிய பையோடு சனங்கள் திரும்பி வந்தார்கள். டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். என் பனியன் அப்படியே இருந்தது. பக்கத்தில் மூணு மீன், பள்ளிக்கூடத்துப் பையன் பனியன் மாதிரி கூம்பிப்போய்த் தொங்கியது. கூட்டம் சிரித்தது. என் பெட்டிகள் பறந்தன.

சரக்கு போட வந்த இபுராகிம் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தான்.

நான் பார்க்கவில்லை. அவனைத் தெரிந்த ஒருவர்தான் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாயி, உங்குளுது இப்படிப் போயிருச்சுங்களே?" என்று கேட்டார்.

அவன் முன்னால் வந்தான். "சுருங்குமுங்க. நாந்தான் முதல்லயே சொல்லிப்போட்டுத்தான விக்கறனுங்க" என்றான்.

"பாருங்க, அவரே ஒத்துக்கறாரு!" என்றேன் நான்.

சொன்னவன் நான்தான்! அவனுடைய உண்மையை எடுத்தே அவனை அடித்தேன். கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

இபுராகிம் கயிற்றில் தொங்கிய என் பனியனைத் தொட்டுப் பார்த்தான். தோள் தையலை இரண்டு விரலால் தடவினான். பனியன்காரன் கைக்கு அது போதும். துவைத்துத் துவைத்துத் தையல் சுருக்கம் விழுந்திருந்ததைக் கஞ்சியால் எப்படி மறைக்க முடியும்? அவனுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து, நான் விற்றுக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து ஒரு பனியனைக் கையில் எடுத்தான்.

என் உயிர் என்னிடம் இல்லை. அந்தப் பனியனை அவன் குண்டாவில் நனைத்துக் கயிற்றில் போட்டால் போதும்... வெயில் இறங்குவதற்குள் என் கதை முடிந்துவிடும். அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. கெஞ்சினேனா? இருக்கலாம்.

பனியனை மடித்துப் பெட்டியில் திரும்ப வைத்தான்.

"பொழச்சுப் போ மாப்ளே" என்றான்.

அந்த நொடியில் நான் கயிற்றை அவிழ்த்திருக்கலாம். அவன் பின்னால் ஓடியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வாடிக்கையாளருக்குச் சைஸ் பார்த்தேன்!

அதன்பின் எல்லாச் சந்தையிலும் கயிறு கட்டினேன். அவன் ஒரு நாளும் குறுக்கே வரவில்லை. பெட்டியில் 'சுருங்காதது' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்தேன். வாங்கியவர்களின் பனியன் சுருங்கவில்லையா? சுருங்கியது. ஆனால் அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்திருந்தார்களே! ஆகவே வீட்டில் யாரோ வெந்நீரில் போட்டுவிட்டார்கள் என்று நம்பினார்கள். மூணு மீன் பெட்டிகள் ஒவ்வொரு கடையிலிருந்தும் திரும்பி வந்தன. இபுராகிம் மெஷினை விற்றான். தரகர் மூலமாக வாங்கியவன் நான்.

வளர்ந்தேன். பவர் மெஷின் வந்தது, கட்டடம் வந்தது, கேரளத்து வியாபாரிகள் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு நாள் காலையில் இபுராகிமும் அதே வாசலில் வந்து நின்றான். "ஏதாச்சும் வேலை இருந்தாக் குடுங்க முதலாளி" என்றான்.

முதலாளி! கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

அவனுக்கு நான் என்ன வேலை கொடுத்தேன்? இதை எழுதும்போது கை கூசுகிறது... சாம்பிள் துவைக்கிற வேலை. சந்தைக்குப் போகிற பனியன்களைச் சுருங்கி முடிகிற வரை துவைக்கிற வேலை. வெளியே தெரிந்தால் கம்பெனி போய்விடும் என்பதால் நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. ஊர் முழுக்கத் தேடினாலும் அவனைவிட நம்பிக்கையான ஆள் எனக்குக் கிடைப்பானா? ஒரு தடவை வாயை மூடிக்கொண்டவன் அல்லவா!

அவன் முகம் மாறவில்லை. "செரிங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான்.

போன வருடத்து ரம்ஜான். பண்டிகைக்கு வேலையாட்களுக்குப் பனியன் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் பாலக்காட்டு வியாபாரி ஒருவர், பெரிய ஆர்டர் கொடுக்க வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இபுராகிமின் முறை வந்தது. அவன் அளவு முப்பத்தாறு என்பது எனக்கு மனப்பாடம். எடுத்து நீட்டினேன்.

"முப்பத்தெட்டாக் குடுங்க முதலாளி. ஒரு தண்ணி பட்டாச் சுருங்கிப் போகுமுங்க" என்றான்.

வேண்டுமென்று சொன்னானா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க வாங்க வந்தவர்களிடம் அவன் சொன்ன வார்த்தை அது. தனக்கு வாங்கும்போதும் அதுவே வாயில் வந்துவிட்டது.

வியாபாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இரண்டு அங்குலம். ஒரு முப்பத்தெட்டாம் நம்பர் பனியன். அந்த வேலையைத் தவிர, அவன் என்னிடம் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றுதான். ஊசி கொடுத்தபோதுகூட அவன் பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை.

"நம்ம சரக்கு சுருங்காதுங்க பாய்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, முப்பத்தாறையே அவன் கையில் வைத்தேன்.

"செரிங்க முதலாளி."

ஆர்டர் கிடைத்தது.

இப்போதும் அவன் என் கொல்லையில்தான் இருக்கிறான். என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தொட்டியும் கயிறும் தெரியும். நான் கொடுத்த அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் சாம்பிள் துவைக்கிறான். கயிற்றில் துணி போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் அது மேலே ஏறி வயிறு தெரிகிறது. இடது கையால் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, வலது கையால் அடுத்த பனியனை எடுக்கிறான்.

இந்த ரம்ஜானுக்காவது முப்பத்தெட்டு கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்து மேசை மேல் வைத்திருந்தேன். அவன் வந்தான், என்னையும் பார்க்கவில்லை, மேசையையும் பார்க்கவில்லை. நேராக அடுக்குக்குப் போய்த் தானாகவே ஒரு முப்பத்தாறை எடுத்துக்கொண்டு, "வர்றனுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை.